பிரிந்த நாடு பனித்தரையில் சந்தித்தது



வரலாறு என்றதும் போர்க்களங்களும் அரசர்களும் ஒப்பந்தங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு நாட்டின் பெரிய துயரம் சில வேளைகளில் ஒரு சிறிய விளையாட்டுக் கூடத்துக்குள் வந்து நின்றுவிடுவதும் உண்டு. அத்தகைய ஒரு நாளைப் பற்றியும், அதன் பின் நடந்தவற்றைப் பற்றியும் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

அந்த நாள் 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6ஆம் நாள். இடம் தென்கொரியாவின் கிழக்குக் கடற்கரையில் உள்ள காங்னுங் நகரம். ஆட்டம் பெண்களுக்கான ஐஸ் ஹாக்கி. எதிர்த்து நின்றவர்கள் தென்கொரியாவும் வடகொரியாவும். உலக வெற்றியாளரைத் தீர்மானிக்கும் ஆட்டம் அல்ல இது. உலகப் போட்டியின் நான்காம் படியில் இருந்த குழுக்கள் தமக்குள் நடத்திய போட்டியின் ஓர் ஆட்டந்தான்.

ஐஸ் ஹாக்கி நம்முடைய வெப்ப நாட்டுக்குப் பழக்கமில்லாத விளையாட்டு. ஆகவே அதைப் பற்றி முதலில் சிறிது தெரிந்துகொள்வோம். உறைந்த பனிக்கட்டியால் ஆன வழுக்குத் தரையில், அடியில் கத்திபோன்ற தகடு பொருத்திய காலணிகளை அணிந்து இதனை ஆடுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு 6 பேர். அவர்களுள் ஒருவர் கோல் காவலர். 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். பந்துக்குப் பதிலாக 'பக்' என்னும் ஒரு தட்டையான வட்டு இருக்கும். அதன் எடை சுமார் 156 முதல் 170 கிராம்.

அந்த வட்டு எதனால் ஆனது தெரியுமா? ரப்பரால்! 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று கண்டறிந்தார். கார்ச் சக்கரத்துக்கு ரப்பர் உதவுவதற்கு வழி செய்த அந்த முறைதான் இந்த வட்டுக்கும் அடிப்படை. துள்ளாமல் வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் வட்டைக் குளிரில் உறைய வைப்பார்கள். விடியற்காலையில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போன நம் பாட்டன் பாட்டிமார், ரப்பருக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு என்று கேட்டால் வியந்திருப்பார்கள் அன்றோ!

இனி, படி என்று சொன்னோமே, அது என்ன? உலகில் ஐஸ் ஹாக்கி ஆடும் நாடுகள் எல்லாம் சம வலிமை உடையவை அல்ல. கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் குழந்தைகள் நடக்கத் தொடங்கியதும் வழுக்கவும் பழகுகிறார்கள். வேறு சில நாடுகளிலோ முழு அளவுள்ள பனிக்கூடம் ஒன்று இருப்பதே அரிது. இவர்களை ஒரே களத்தில் விட்டால் ஆட்டம் வேடிக்கையாகிவிடும். ஆகவே அனைத்துலக ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு, நாடுகளை ஏணிப்படிகள்போல் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு படியிலும் முதலில் வரும் குழு அடுத்த ஆண்டு ஒரு படி ஏறும். கடைசியில் வரும் குழு ஒரு படி இறங்கும். எவ்வளவு கீழே இருந்தாலும் ஏறுவதற்கு வழி உண்டு என்பதே இந்த முறையின் சிறப்பு.

2017இல் காங்னுங்கில் கூடியவை ஆறு குழுக்கள். தென்கொரியா, வடகொரியா, சுலோவீனியா, பிரிட்டன், நெதர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகியவையே அவை. ஏப்ரல் 2ஆம் நாளிலிருந்து 8ஆம் நாள் வரையில் ஒவ்வொரு குழுவும் மற்ற ஐந்து குழுக்களையும் சந்திக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே வட்டாரத்தில் நடைபெறவிருந்த குளிர்கால ஒலிம்பிக்கிற்கு இது ஒரு முன்னோட்டமாகவும் அமைந்தது.

இப்படிப்பட்ட ஒரு கீழ்ப்படிப் போட்டியை உலகம் ஏன் உற்றுப் பார்த்தது? அதற்கு நாம் கொரியாவின் வரலாற்றுக்குச் சற்றே திரும்ப வேண்டும்.

கொரியர்கள் ஒரே மொழி பேசுகிறவர்கள். நூற்றாண்டுகளாக ஒரே நாட்டில் வாழ்ந்தவர்கள். 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் துன்பப்பட்டவர்கள். 1945இல் ஜப்பான் தோற்றதும் விடுதலை வந்தது. ஆனால் விடுதலையோடு பிரிவும் வந்தது. வடக்கில் சோவியத் படையும் தெற்கில் அமெரிக்கப் படையும் இறங்கின. வரைபடத்தில் 38ஆம் அட்சக் கோட்டை எல்லையாக வைத்தார்கள். சில நாளைக்கு என்று போட்ட கோடு நிலைத்துவிட்டது. 1948இல் இரு அரசுகள் தோன்றின. 1950ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் போர் மூண்டது. மூன்று ஆண்டுகளில் பல இலட்சம் உயிர்கள் மாண்டன. 1953ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் போர்நிறுத்தம் கையெழுத்தானது. அது போரை நிறுத்திய ஒப்பந்தமே தவிர, சமாதான ஒப்பந்தம் அல்ல. சுமார் 250 கிலோமீட்டர் நீளமும் 4 கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு வெற்று நிலம் கடலிலிருந்து கடல் வரை நாட்டை இரண்டாக வெட்டி நிற்கிறது.

அந்த வெட்டு வீடுகளுக்குள்ளும் விழுந்தது. கணவன் அந்தப் பக்கம், மனைவி இந்தப் பக்கம். தாய் அங்கே, பிள்ளை இங்கே. கடிதம் போகாது, தந்தி போகாது. கப்பலேறி வந்த நம் முன்னோர் ஊரில் விட்டுவந்த உறவுகளை எண்ணி ஏங்கினார்கள் என்றாலும், வருடத்துக்கு ஒரு கடிதமாவது எழுத முடிந்தது. கொரியர்களுக்கு அதுவும் இல்லை. தென்கொரியாவுக்குள்ளேயே போர்க் குழப்பத்தில் சிதறிப்போனவர்களும் ஏராளம். 1983ஆம் ஆண்டில் தென்கொரியத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று, உறவைத் தேடுவோருக்காக ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. அது 138 நாட்களில் 453 மணி நேரத்துக்கும் மேலாக நேரடியாக ஒளிபரப்பாயிற்று. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதனால் ஒன்று சேர்ந்தன. ஆனால் எல்லைக்கு அப்பால் இருந்தவர்களை அந்த ஒளிபரப்பாலும் அழைத்துவர இயலவில்லை.

காங்னுங் நகரம் இருக்கும் காங்வொன் மாநிலமே இரண்டாகப் பிளவுபட்ட மாநிலம். அதன் ஒரு பாதி தெற்கிலும் மறு பாதி வடக்கிலும் இருக்கின்றன. 1996ஆம் ஆண்டு செப்டம்பரில் வடகொரிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று இதே காங்னுங் கரையில்தான் தரைதட்டியது. அதிலிருந்து இறங்கியவர்களைத் தேடி வாரக்கணக்கில் துப்பாக்கிச் சண்டை நடந்தது. அதே ஊருக்கு 2017இல் வடகொரியப் பெண்கள் ஹாக்கி மட்டைகளோடு வந்தார்கள்.

நாட்டு நிலைமையோ நன்றாக இல்லை. ஆட்டத்துக்கு முதல் நாளான ஏப்ரல் 5ஆம் நாள்தான் வடகொரியா ஓர் ஏவுகணையைக் கடலை நோக்கிச் செலுத்தியிருந்தது. ஆயினும் ஆட்டம் நடந்தது. சுமார் 5,800 பேர் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். நான்காம் படி ஆட்டத்துக்கு அது பெருங்கூட்டம். வெள்ளைத் துணியில் முழுக் கொரியாவின் வடிவத்தை நீல நிறத்தில் வரைந்த ஒருமைக் கொடியைப் பலர் அசைத்தார்கள். "நாம் ஒன்று" என்ற முழக்கம் எழுந்தது. ஒரு கூட்டம் இரு பக்கத்து ஆட்டக்காரர்களையும் பெயர் சொல்லி உற்சாகப்படுத்தியது.

ஆட்டத்தில் தென்கொரியா 3-0 என்ற கணக்கில் வென்றது. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. நெடுங்காலமாக இந்த விளையாட்டில் வடக்குப் பெண்களே வலியவர்கள். தெற்குப் பெண்கள் அவர்களிடம் பெரும் தோல்விகளைக் கண்டவர்கள். 2016ஆம் ஆண்டு சுலோவீனியாவின் பிளெட் நகரில்தான் தெற்கு முதன் முதலாக வடக்கை வென்றது. 2017இல் அந்த வெற்றி இரண்டாம் முறையாக வாய்த்தது. தென்கொரியா ஐந்து ஆட்டங்களிலும் வென்று, குழுவில் முதலாவதாக வந்து, ஒரு படி ஏறியது.

நேயர்களே, இதற்கு மறுநாள் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. ஏப்ரல் 7ஆம் நாள் வடகொரியத் தலைநகரான பியோங்யாங்கில், பெண்களின் ஆசியக் கிண்ணக் காற்பந்துத் தகுதிச் சுற்றில் இதே இரு நாடுகளும் மோதின. ஆட்டம் 1-1 என்று சமநிலையில் முடிந்தது. அங்கே, வடக்கின் மண்ணில், தெற்கின் நாட்டுப்பண் இசைக்கப்பட்டது. அதன் கொடி ஏறியது. ஒரே வாரத்தில் வடக்குப் பெண்கள் தெற்கிலும், தெற்குப் பெண்கள் வடக்கிலும் ஆடினார்கள். அமைச்சர்கள் போக முடியாத வழியில் ஆட்டக்காரப் பெண்கள் போய் வந்தார்கள்.

இந்தத் தென்கொரியக் குழுவில் இருந்தவர்கள் யார்? அந்நாட்டில் பெண்கள் ஐஸ் ஹாக்கிக்குப் பள்ளிக் குழுவோ கல்லூரிக் குழுவோ சம்பளம் தரும் சங்கமோ அப்போது இல்லை. நாட்டுக்கு இருந்த குழுவே அந்த ஒன்றுதான். பியானோ இசை பயின்ற ஹான் சூ ஜின் அதில் இருந்தார். அமெரிக்காவில் உயர்கல்வி கற்றுவந்த ரேண்டி ஹீசூ கிரிஃபின் இருந்தார். அவருடைய தாயார் கொரியர். கைக்குழந்தையாக இருந்தபோதே அமெரிக்கக் குடும்பம் ஒன்றுக்குத் தத்துப் போன மரிசா பிராண்ட் என்பவரும் இருந்தார். அவர் தாம் பிறந்த நாட்டுக்குத் திரும்பி, பாக் யூன் ஜங் என்ற தம் கொரியப் பெயரைச் சட்டையில் தாங்கி ஆடினார். அவரோடு வளர்ந்த தங்கை ஹன்னா அமெரிக்கக் குழுவில் ஆடினார். இவர்களைப் பயிற்றுவித்தவர் சாரா மரே என்ற இளம் பெண்மணி. 2014 முதல் அவர் இந்தக் குழுவை வளர்த்துவந்தார்.

இப்படிப் படிப்படியாக வளர்ந்த குழு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் ஆடும் உரிமையைப் பெற்றிருந்தது. போட்டியை நடத்தும் நாடு என்பதால் அந்த இடம் கிடைத்தது. அந்த ஒலிம்பிக்கின் பெயர் பியோங்சாங் ஒலிம்பிக். வடக்கின் தலைநகரமான பியோங்யாங் வேறு, தெற்கில் உள்ள பியோங்சாங் வேறு என்பதை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஐஸ் ஹாக்கி ஆட்டங்கள் காங்னுங்கில்தான் நடைபெறவிருந்தன.

2018 ஜனவரியில் வடக்கும் தெற்கும் எல்லைக் கிராமமான பன்முன்ஜொமில் பேச்சு நடத்தின. அதன் பயனாகச் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜனவரி 20ஆம் நாள் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. பெண்கள் ஐஸ் ஹாக்கியில் இரு கொரியாக்களும் ஒரே குழுவாக ஆடும். தெற்கின் 23 பேரோடு வடக்கின் 12 பேர் சேர்ந்து 35 பேர். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தேர்ந்தெடுக்கப்படும் 22 பேரில் குறைந்தது 3 பேர் வடக்கைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். மேசைப்பந்தில் 1991ஆம் ஆண்டிலேயே இரு கொரியாக்களும் ஒன்றாக ஆடி, ஜப்பானின் சிபா நகரில் பெண்கள் குழுப் பிரிவில் சீனாவை வென்று தங்கம் பெற்றிருந்தன. ஆனால் ஒலிம்பிக்கில் ஒரே குழுவாக ஆடுவது அதுவே முதல் முறை.

கேட்பதற்கு இனிமையாக இருக்கிறதல்லவா? ஆனால் தென்கொரியாவில், குறிப்பாக இளைஞர்களிடையே, எதிர்ப்பு எழுந்தது. பல ஆண்டுகள் பாடுபட்டவர்களின் இடத்தை, ஆட்டம் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது எடுத்து வேறொருவருக்குக் கொடுப்பது நியாயமா என்று அவர்கள் கேட்டார்கள். பயிற்றுநரும் தம் பெண்களின் வருத்தத்தை மறைக்கவில்லை. அந்த வேளையில் நாட்டின் பிரதமர், இந்தக் குழு எப்படியும் பதக்கம் பெறும் நிலையில் இல்லை என்ற பொருளில் பேசிவிட்டார். நெருப்பில் எண்ணெய் வார்த்ததுபோல் ஆயிற்று. பிறகு அவர் மன்னிப்புக் கேட்டார்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். பதக்கம் இல்லாதவர்கள் என்பதால் அவர்களுடைய உழைப்புக்கு மதிப்பு இல்லையா? கீழ்ப்படியில் நிற்பவர்களின் பங்கை எடுப்பது எளிது என்று மேலே இருப்பவர்கள் நினைப்பது எல்லா நாட்டிலும் உண்டு. நாட்டு ஒற்றுமை பெரிய காரியம், அதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால், சம்பளமும் புகழும் இல்லாமல் ஆடிய அந்தப் பெண்கள்தான். இதை மறந்துவிட்டு ஒற்றுமையை மட்டும் புகழ்வது முழு வரலாறு ஆகாது.

ஜனவரி 25ஆம் நாள் வடக்குப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். வந்ததும் ஒரு விந்தையான சிக்கல் எழுந்தது. இரு சாராரும் பேசுவது கொரிய மொழிதான். ஆனால் ஆட்டச் சொற்கள் விளங்கவில்லை! தெற்கில் ஆங்கிலச் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வடக்கில் எல்லாவற்றுக்கும் தங்கள் மொழியிலேயே சொல் அமைத்திருந்தார்கள். தெற்கில் 'பாஸ்' என்பதை வடக்கில் 'தொடர்பு' என்று பொருள்படும் சொல்லால் குறித்தார்கள். கோல் காவலரை 'வாயில் காப்போன்' என்றும், ஓரத்தில் ஆடுபவரைச் 'சிறகுக்காரர்' என்ற பொருளிலும் அழைத்தார்கள். ஆகவே ஆங்கிலம், தெற்கு வழக்கு, வடக்கு வழக்கு என்று மூன்று பக்கத்துக்கு ஒரு சிறிய அகராதி தயாரிக்கப்பட்டது. எழுபது ஆண்டுப் பிரிவு ஒரு மொழியை என்ன செய்யும் என்பதற்கு அந்த மூன்று பக்கங்களே சான்று. 'பசார்' என்றும் 'சந்தை' என்றும் ஒரே பொருளுக்கு இரு சொல் வைத்துப் பேசுகிற நமக்கு இது எளிதில் விளங்கும். சொல் வேறானாலும் மனம் இருந்தால் மூன்று பக்கத்தில் தீர்த்துக்கொள்ளலாம்.

தங்கியது வேறு வேறு கட்டடங்களில். ஆனால் உணவும் பயிற்சியும் ஒன்றாக நடந்தன. வடக்கின் ஆட்டக்காரர் ஒருவருக்குப் பிறந்தநாள் வந்தபோது எல்லாரும் கூடி அணிச்சல் வெட்டிக் கொண்டாடினார்கள். பிப்ரவரி 9ஆம் நாள் தொடக்க விழாவில் தெற்கின் பாக் ஜோங் ஆவும் வடக்கின் ஜோங் சூ ஹியோனும் ஒரே தீப்பந்தத்தை இருவர் கையாலும் பற்றிக்கொண்டு படியேறினார்கள்.

ஆட்ட முடிவுகளை மறைக்காமல் சொல்லிவிடுவோம். பிப்ரவரி 10ஆம் நாள் சுவிட்சர்லாந்திடம் 0-8. அடுத்து சுவீடனிடம் 0-8. பிப்ரவரி 14ஆம் நாள் ஜப்பானிடம் 1-4. மீண்டும் சுவிட்சர்லாந்திடம் 0-2. கடைசியாகச் சுவீடனிடம் 1-6. ஐந்து ஆட்டம், ஐந்து தோல்வி. பெற்ற கோல்கள் 28. போட்ட கோல்கள் இரண்டே இரண்டு. முதலாவதைப் போட்டவர் ரேண்டி கிரிஃபின். அவருக்கு வட்டைத் தள்ளிக் கொடுத்தவர் தத்துப் போய்த் திரும்பி வந்த பாக் யூன் ஜங். இரண்டாவதைப் போட்டவர் பியானோ பயின்ற ஹான் சூ ஜின். முதல் கோலைப் போட்ட அந்த ரப்பர் வட்டு, கனடாவில் உள்ள ஹாக்கிப் புகழ் மண்டபத்துக்கு என்று எடுத்து வைக்கப்பட்டது.

இருந்தும் எண்ணிக்கையில் வராத ஒன்று பிப்ரவரி 26ஆம் நாள் நடந்தது. வடக்குப் பெண்கள் ஊர் திரும்பும் நாள் அது. ஒரு மாதத்துக்கு முன் முன்பின் தெரியாதவர்களாக இருந்தவர்கள் பேருந்தின் அருகே ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். சன்னல் வழியாகக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் கடிதம் எழுத முடியாது; தொலைபேசியில் பேச முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். இடத்தைப் பறிக்க வந்தவர்கள் என்று எண்ணப்பட்டவர்களைப் பிரிய முடியாமல் அழுதவர்கள், அந்த இடத்தை விட்டுக்கொடுத்த தெற்குப் பெண்களே.

அதன்பின் என்ன ஆயிற்று? அதே ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் இரு நாட்டுத் தலைவர்களும் பன்முன்ஜொமில் சந்தித்தார்கள். ஆகஸ்ட் மாதத்தில் பிரிந்த குடும்பங்கள் சில, கும்காங் மலையில் சில நாட்கள் சந்திக்க வழி கிடைத்தது. தொண்ணூறு வயதைக் கடந்த தாயர் தம் முதிர்ந்த பிள்ளைகளைக் கண்டார்கள். ஆனால் அந்த இளவேனில் நீடிக்கவில்லை. 2020ஆம் ஆண்டு ஜூனில் கேசொங் நகரில் இருந்த இரு நாட்டுத் தொடர்பு அலுவலகக் கட்டடத்தை வடகொரியா வெடி வைத்துத் தகர்த்தது. 2024ஆம் ஆண்டில் ஒன்றிணைவு இனித் தன் குறிக்கோள் அல்ல என்று அது அறிவித்தது. அக்டோபரில் எல்லைச் சாலைகளையும் தகர்த்தது.

அப்படியானால் அந்த ஆட்டங்களால் பயன் என்ன என்று சிலர் கேட்கலாம். விளையாட்டு எல்லையை அழித்துவிடும் என்று சொன்னால் அது மிகை. 5,800 பேர் முழங்கியதால் ஒரு முள்வேலிகூட அறுபடவில்லை. ஆனால் எதிரி என்று பாடப்புத்தகத்தில் படித்த முகத்தை நேரில் பார்த்த பிறகு, அதே பொய்யை அதே உறுதியோடு நம்புவது கடினம். அந்த 35 பெண்களுக்கு அது கிடைத்தது. அதை எந்த அரசும் திரும்ப எடுத்துக்கொள்ள இயலாது.

தென்கொரியப் பெண்கள் குழு ஏணியை விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் தங்கள் நாட்டின் சுவொன் நகரில் நடந்த போட்டியில் முதலாவதாக வந்து, முன் எப்போதும் எட்டாத இரண்டாம் படிக்கு ஏறினார்கள். பதக்கத்துக்கு ஆகாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் தங்கள் உழைப்பால் கொடுத்த பதில் அது.

நேயர்களே, நம் பிள்ளைகள் தோட்டத்துத் திடலிலோ பள்ளித் திடலிலோ ஆடிவிட்டுத் தோற்று வரும்போது, எத்தனை கோல் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், எதிர்ப் பக்கத்தில் ஆடிய பிள்ளையின் பெயர் என்ன என்றும் கேட்டுப் பார்ப்போம். கொரியப் பெண்கள் காங்னுங்கில் தெரிந்துகொண்டது அந்தப் பெயர்களைத்தான்.